கத்துகிற பெல்ட்டுக்கு என்ன வேண்டும்?

சந்திரகிரிக்கு இரண்டு பக்கமும் ஏற்றம். கிழக்கே திருப்பதியைத் தாண்டிப் போனால் அலிபிரியில் திருமலைப் பாதை தொடங்குகிறது. மேற்கே ரங்கம்பேட்டை வழியாக மதனப்பள்ளிச் சாலையைப் பிடித்தால் பாகராப்பேட்டைக் கணவாய் வருகிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்த ஊர் வட ஆற்காட்டோடு இருந்தது. அந்த உறவு இன்னும் அறுபடவில்லை. வேலூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பெருமாளைப் பார்க்கக் கிளம்புகிற வேன்களும் பேருந்துகளும் இந்தப் பக்கமாகத்தான் போகின்றன. சாலையோரப் பட்டறைகளில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் கிடைக்கும்.

டீ குடிக்க நிறுத்திய வண்டியைத் திரும்பக் கிளப்பும்போது முன்பக்கத்திலிருந்து ‘கீச்ச்ச்’ என்று நீளமாக ஒரு சத்தம் எழும். சில நொடிகளில் அடங்கிவிடும். “பெல்ட்டு கத்துதுண்ணா, கொஞ்சம் டைட் வெச்சிடலாம்” என்பார் மெக்கானிக். இரண்டு நட்டைத் தளர்த்துவார், கம்பியைக் கொடுத்து நெம்புவார், மறுபடி முடுக்குவார். சத்தம் நின்றுவிடும். நின்றதோடு கோளாறும் தீர்ந்தது என்று வண்டிக்காரர் நம்பிப் போய்விடுவார். சில வண்டிகளில் அது உண்மை. பல வண்டிகளில் சத்தம் மட்டும்தான் நின்றிருக்கும். கோளாறு வாட்டர் பம்ப்பின் பேரிங்குக்குக் குடிபோயிருக்கும். பெல்ட்டின் பிடிப்பும் பெல்ட்டின் இறுக்கமும் ஒன்றல்ல என்பது புரிந்துவிட்டால், அந்த நெம்புகோலை எப்போது எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்பது தானாக விளங்கும்.

முதலில், அந்த ஒற்றை ரப்பர் வளையத்தை நம்பி என்னவெல்லாம் ஓடுகிறது என்று பார்ப்போம். திருப்பதியிலிருந்து திருமலை ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1944இல் திறந்த முதல் மலைப்பாதையில் இன்று வண்டிகள் இறங்குகின்றன. 1970களில் வந்த இரண்டாவது பாதையில் ஏறுகின்றன. ஆட்களோடு 10 டன் எடையுள்ள பேருந்து ஒன்றை 700 மீட்டர் தூக்க ஏறத்தாழ 69 மெகாஜூல் வேலை ஆகிறது. டீசல் இன்ஜின் தான் குடிக்கும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டித்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். அப்படியானால் அந்த ஏற்றத்துக்கு மட்டும் ஐந்தரை லிட்டர் டீசல் எரிந்தாக வேண்டும். எரிந்ததில் கால் பங்கு வெப்பம் குளிர்விக்கும் தண்ணீருக்குப் போகிறது. ஏற்கெனவே கொதிநிலைக்கு வந்துவிட்ட தண்ணீரில் 20 லிட்டரை முழுக்க ஆவியாக்கிவிடக்கூடிய வெப்பம் அது. வண்டியோ இரண்டாவது, மூன்றாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. சமவெளியில் வேகமாகப் போகும்போது ரேடியேட்டரில் தானாக வந்து மோதும் காற்று இங்கே இல்லை. காற்றை இழுப்பது ஃபேன், தண்ணீரைச் சுற்ற வைப்பது பம்ப். பழைய லாரி, வேன், அம்பாசடர் கார்களில் இரண்டையும் சுழற்றியது ஒரே பெல்ட். டைனமோவும் அதே பெல்ட்டில்தான். அது அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் வெப்பமுள் மேலே ஏறும். மலைப்பாதை ஓட்டுநர்கள் மாற்று பெல்ட் ஒன்றை இருக்கைக்கடியில் வைத்திருந்தது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல, பிழைப்பு.

இப்போதைய கார்களில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுகிறது. ஆனால் அந்த மின்சாரத்தைத் தரும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது பெல்ட்தான். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் அமரராஜா நிறுவனத்தின் பேட்டரித் தொழிற்சாலை இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பேட்டரிக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு நல்ல பேட்டரியானாலும் அது சேமித்து வைக்கும் பாத்திரம்தான், நிரப்புவது ஆல்டர்னேட்டர். பெல்ட் வழுக்கி ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாத வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் போடுவது வீண் செலவு. பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? கடைக்குப் போகும் முன் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள்.

இனி பிடிப்பின் கணக்கு. முரண்டு பிடிக்கும் காளையை நேருக்கு நேர் நின்று எந்த ஆளாலும் இழுத்து நிறுத்த முடியாது. அதே ஆள் கயிற்றை ஒரு கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியைப் பிடித்தால் காளை நின்றுவிடும். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு அவர் கையின் இழுப்பு 43 மடங்காகிறது. ஐந்து கிலோ பிடி, 200 கிலோ இழுப்பைத் தாங்கும். மூன்றாவது சுற்றுப் போட்டால் அந்த 43 இன்னும் ஆறரை மடங்கு பெருகும். சுற்று கூடக்கூட பிடிப்பு கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இந்தக் கணக்கை எழுதினார். அவருக்குப் பின் ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டெல்வைன் அதைப் பொறியாளர்கள் கைக்குக் கொண்டுவந்தார். பெல்ட்டும் புல்லியும் இருக்கும் இடமெல்லாம் இதுதான் சட்டம்.

ஓடுகிற பெல்ட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு: ஓட்டும் புல்லி இழுக்கிற இறுகிய பக்கம், அது விட்டுத்தருகிற தளர்ந்த பக்கம். இரண்டின் இழுவிசைக்கும் உள்ள வித்தியாசம்தான் வேலை செய்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் பெல்ட் வழுக்கும். அந்த எல்லையைத் தீர்மானிப்பவை இரண்டே: உராய்வு, பெல்ட் புல்லியைத் தழுவியிருக்கும் கோணம். இறுக்கம் இந்தப் பட்டியலில் இல்லை. இறுக்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்து கூடும். எல்லை விகிதம் அப்படியே இருக்கும். இறுக்குவதால் பயனில்லை என்று இதற்குப் பொருளல்ல. விகிதம் மாறாவிட்டாலும் மொத்தம் கூடினால் வித்தியாசமும் கூடும், அதனால் கூடுதல் சுமை இழுக்கலாம். ஆனால் அந்தக் கூடுதலுக்கான விலையை முழுக்கக் கட்டுவது பேரிங். உராய்வையோ கோணத்தையோ சரிசெய்தால் அந்த விலை இல்லை.

எண்ணில் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். ஸ்டார்ட் செய்த உடனே, இறங்கிப்போன பேட்டரிக்கு ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியர் கொடுக்கிறது என்று கொள்வோம். இழப்புகளையும் சேர்த்தால் அதைச் சுற்ற ஏறக்குறைய ஒரு கிலோவாட் வேண்டும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிராங்க் புல்லி நிமிடத்துக்கு 750 சுற்றில் ஐடிலிங்கில் ஓடும்போது பெல்ட்டின் வேகம் விநாடிக்கு ஆறு மீட்டர். அப்போது பெல்ட் 17 கிலோ விசையோடு இழுத்தாக வேண்டும். அதே ஆல்டர்னேட்டர் 2000 சுற்றில் 75 ஆம்பியர் கொடுத்தாலும் 12 கிலோ விசை போதும், ஏனென்றால் பெல்ட் வேகமாக ஓடுகிறது. கிளப்பியதும் கத்திய பெல்ட் கொஞ்ச நேரத்தில் ஏன் அடங்குகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது: இன்ஜின் மெதுவாகச் சுற்றும், பேட்டரி பசியோடு இருக்கும் அந்தச் சில நொடிகள்தான் பெல்ட்டுக்குக் கடுமையான தேர்வு.

இப்போது 17 கிலோ வித்தியாசத்துக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும்? ஆல்டர்னேட்டரின் சிறிய புல்லியைப் பெல்ட் 150 டிகிரி தழுவுகிறது என்போம். தட்டைப் பெல்ட்டானால் எல்லை விகிதம் 2.2தான். தளர்ந்த பக்கத்தில் 14 கிலோ, இறுகிய பக்கத்தில் 31 கிலோ, ஆக மொத்தம் 45 கிலோ பேரிங்கின் மேல் வந்து உட்காரும். வி பெல்ட் போட்டால் கதையே வேறு. புல்லியின் சரிந்த இரு சுவர்களுக்கு நடுவே அது ஆப்பு மாதிரி இறங்குகிறது. உள்நோக்கி வரும் சிறு அழுத்தத்தை அந்தச் சரிவு மூன்று மடங்குக்கும் மேலாகச் சுவரில் திருப்பிவிடுகிறது. எல்லை விகிதம் ஏறத்தாழ 13 ஆகிறது. ஒன்றரை கிலோவும் பதினெட்டரை கிலோவும் போதும். பேரிங்குக்கு 20 கிலோ. அமெரிக்காவில் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ் 1917இல் இந்த ரப்பர் வி பெல்ட்டைக் கொண்டுவந்த பிறகு மோட்டார் வண்டிகள் தட்டைப் பெல்ட்டைக் கைவிட்டதில் வியப்பில்லை. நம் பக்கம் மதுரையில் ஃபென்னர் நிறுவனம் பல பத்தாண்டுகளாக வி பெல்ட் செய்துவருகிறது.

இது ஆல்டர்னேட்டர் ஒன்றுக்கு மட்டுமான, சீரான ஓட்டத்துக்கான கணக்கு. உண்மையில் ஃபேனும் பம்ப்பும் சேர்ந்து இழுக்கும். டீசல் இன்ஜின் ஒவ்வொரு வெடிப்பிலும் உதறும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கனமான ரோட்டரைப் பெல்ட் திடீரென்று முடுக்க வேண்டும். அதனால் பொறியாளர்கள் 13க்கு 1 வரை போகாமல் 5க்கு 1 என்ற விகிதத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்; தயாரிப்பாளர்கள் சொல்லும் இறுக்கமும் மேலே வந்த எண்களைவிடக் கணிசமாகக் கூடவே இருக்கும்.

உராய்வு குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சந்திரகிரிச் சாலையில் போகும் வண்டியின் பெல்ட்டில் தண்ணீர் தெறித்து உராய்வு பாதியானால், 13 என்ற விகிதம் ஆறரை ஆகாது, 3.6 ஆகிவிடும். பெருக்கலில் ஏறியது பெருக்கலிலேயே இறங்குகிறது. மழையில் மட்டும் கத்தி, காய்ந்ததும் அடங்கும் பெல்ட்டை அளந்து பார்க்காமல் இறுக்கக் கூடாது. எண்ணெய் பட்ட பெல்ட்டையும் இறுக்கிப் பயனில்லை. எண்ணெய் ஒழுகும் இடத்தை அடைத்துவிட்டுப் பெல்ட்டை மாற்ற வேண்டும். கத்தலை அடக்க எதையாவது தடவுவது கேட்டை வளர்ப்பது.

மிகை இறுக்கத்தின் விலை என்ன? பந்து பேரிங்கின் ஆயுள், சுமையின் மும்மடிக்கு எதிராகக் குறையும். சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. எட்டு வருடம் வரவேண்டிய பேரிங் ஒரு வருடத்தில் ஓசையிடும். வாட்டர் பம்ப்பில் பேரிங் ஆடினால் அதன் சீலும் போகும், தண்ணீர் சொட்டும். அப்போது யாரும் போன தீபாவளிக்கு நெம்பிய நெம்பலை நினைத்துப் பார்ப்பதில்லை. “பம்ப் போச்சு” என்று மாற்றிவிட்டுப் போய்விடுகிறோம். இந்தச் சங்கிலியை வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

தளர்வின் விலையும் சின்னதல்ல. ஃபேன் 20 சதவீதம் மெதுவாகச் சுற்றினால் காற்றும் ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். மலையேற்றத்தில் அது வெப்பமுள்ளில் தெரியும். வழுக்கலில் வீணாகும் ஆற்றல் பெல்ட்டின் பக்கவாட்டில் வெப்பமாகிறது. இரண்டு கிலோவாட் கடத்தும் பெல்ட் 10 சதவீதம் வழுக்கினால், 200 வாட் சூடு அந்த மெல்லிய ரப்பர் விளிம்பில் இறங்குகிறது. ரப்பர் இறுகிக் கண்ணாடி போல் மினுங்கத் தொடங்கும். மினுங்கினால் உராய்வு குறையும், இன்னும் வழுக்கும். பெல்ட்டின் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் சுமார் பாதியாகிறது என்பது பெல்ட் தொழிலில் வழங்கும் கணக்கு.

தட்டைப் பெல்ட் வண்டியை விட்டுப் போனாலும் சித்தூர் வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. வெல்லத்துக்குப் பேர்போன சீமை அது. கரும்புத் தோட்டத்து ஓரத்தில் கொப்பரையும் அடுப்பும் கரும்பு ஆட்டும் ஆலையும் இருக்கும். ஆயில் இன்ஜினிலிருந்தோ மோட்டாரிலிருந்தோ ஆலையின் பெரிய சக்கரத்துக்கு நீளமான தட்டைப் பெல்ட் ஓடும் ஆலைகளில் ஒன்றைக் கவனிக்கலாம்: தளர்ந்த பக்கம் மேலே இருக்கும்படி அமைத்தால், பெல்ட் தன் எடையில் தொய்ந்து இரண்டு புல்லிகளையும் இன்னும் கூடுதலாகத் தழுவிக்கொள்ளும். கோணம் கூடுகிறது, பிடிப்பு கூடுகிறது, பேரிங்குக்குச் செலவே இல்லை. இறுகிய பக்கத்தை மேலே வைத்தால் தொய்வு கீழே போய்க் கோணம் குறையும். பெல்ட்டை எட்டு வடிவில் குறுக்கே மாட்டினாலும் கோணம் கூடும். சுழலும் திசையும் மாறும்.

அந்தத் தட்டைப் பெல்ட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. அவசரத்தில் ஒரே நேரத்தில் கட்டுக்கட்டாகக் கரும்பைத் திணித்தால் உருளைகள் திணறும், பெல்ட் வழுக்கிக் கழன்று விழும். ஆலைக்காரருக்கு எரிச்சல்தான். ஆனால் பெல்ட் வழுக்கியதால்தான் பல்சக்கரம் உடையாமல் தப்பியது. வழுக்கவே கூடாது என்று மோட்டாரைத் தள்ளித்தள்ளி வைத்துப் பெல்ட்டை விறைக்க வைத்தால், அடுத்த முறை வேறு ஏதாவது விட்டுக்கொடுக்கும்.

சரி, வண்டியில் சோதிப்பது எப்படி? இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறட்டும். முதல் வேலை அழுத்திப் பார்ப்பதல்ல, கண்ணால் பார்ப்பது. பெல்ட்டைத் திருப்பி அதன் பக்கவாட்டையும் அடியையும் பாருங்கள். நூல் பிரிந்திருந்தாலோ, வெடிப்பு ஓடியிருந்தாலோ, எண்ணெயில் ஊறியிருந்தாலோ சரிசெய்ய ஒன்றுமில்லை, மாற்ற வேண்டியதுதான். பிறகு புல்லியின் பள்ளத்துக்குள் பாருங்கள். அடிப்பகுதி தேய்ந்து பளபளவென்று இருந்தால், பெல்ட் மெலிந்து பள்ளத்தின் அடியைத் தொடுகிறது என்று அர்த்தம். ஆப்பு வேலை போய்விட்டது. பெயருக்கு வி பெல்ட், செயலில் தட்டைப் பெல்ட். இந்த நிலையில் எவ்வளவு இறுக்கினாலும் 13 என்ற விகிதம் திரும்ப வராது. பட்டறைகளில் அதிகம் தவறவிடப்படும் அடையாளம் இதுதான் என்று நினைக்கிறேன். புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பார்த்துவிட வேண்டும். கோணலாக இருந்தால் கீச்சொலி கத்தலாக இல்லாமல், சிட்டுக்குருவி போலத் துண்டுதுண்டாக வரும்.

அதன் பிறகுதான் விரல். இரண்டு புல்லிகளுக்கு நடுவே மிக நீளமான இடைவெளியைத் தேர்ந்தெடுத்து நடுவில் அழுத்த வேண்டும். நீளம் கூடினால் ஒரே விசைக்குத் தாழ்வும் கூடும், அளப்பதில் பிழை குறையும். பல பழைய கார், வேன் கையேடுகள் 10 கிலோ விசைக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் தாழ வேண்டும் என்கின்றன. கட்டைவிரலின் 10 கிலோ ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு ஸ்பிரிங் தராசும் ஓர் அளவுகோலும் இருந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. தொழிற்சாலை வி பெல்ட்டுகளுக்கு முறை வேறு: ஒரு மீட்டர் இடைவெளிக்கு 16 மில்லிமீட்டர் என்ற கணக்கில் தாழ்த்த எவ்வளவு விசை ஆகிறது என்று அளந்து, பெல்ட்டின் அளவுக்கேற்ற அட்டவணையோடு ஒப்பிடுவார்கள்.

தளர்வு உறுதியானால், ஆல்டர்னேட்டர் சுழன்று அசையும் கீழ் போல்ட்டையும், வளைந்த பட்டையில் இருக்கும் சரிசெய்யும் போல்ட்டையும் தளர்த்த வேண்டும். நெம்புகிற இடம் முக்கியம்: புல்லிப் பக்கத்து உறுதியான முன்மூடியில் கம்பியைக் கொடுக்க வேண்டும். பின்பக்கத்து மெல்லிய அலுமினிய மூடியில் கொடுத்தால் விரிசல் விடும். சரியான இறுக்கத்தில் பிடித்துக்கொண்டே முதலில் மேல் போல்ட், பிறகு கீழ் போல்ட். முடுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் முடுக்கும்போதே சற்று நகர்ந்துவிடும்.

தராசு இல்லாமல் காதால் அளக்கவும் வழி இருக்கிறது. நிற்கும் பெல்ட்டை விரலால் சுண்டினால் அது அதிரும். வீணைத் தந்திக்கு எது சட்டமோ அதே சட்டம் இதற்கும்: நீளமும் எடையும் மாறாதபோது, இழுவிசையின் வர்க்கமூலத்தோடு சுருதி ஏறும். இழுவிசையை இரண்டு மடங்காக்கினால் சட்ஜமம் பிரதி மத்யமத்துக்குப் போகும். 12 சதவீதம் கூட்டினால் ஓர் அரைச்சுரம். மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள பெல்ட், 30 சென்டிமீட்டர் இடைவெளியில் விநாடிக்கு 100 முறை அதிர்ந்தால் அதன் இழுவிசை 360 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 37 கிலோ. பெரிய பணிமனைகளில் இதற்கென்றே அதிர்வெண் கருவிகள் இருக்கின்றன. கைபேசியின் மைக்கே இந்த வேலையைச் செய்யும் செயலிகளும் வந்துவிட்டன. ஆளுக்கு ஆள் மாறாத எண் கிடைக்கிறது என்பதால் எனக்கு இந்த முறைமேல் தனிப் பிரியம்.

புதிய வண்டிகளில் பல வரிப்பள்ளங்கள் கொண்ட அகலமான ஒரே பெல்ட் பாம்பு போல வளைந்து எல்லாப் புல்லிகளையும் சுற்றிவருகிறது. அதன் இறுக்கத்தை ஒரு ஸ்பிரிங் கை தானாகவே பார்த்துக்கொள்கிறது. அங்கே நெம்பச் சரிசெய்யும் போல்ட் இல்லை. அந்தக் கையின் குறி, உடலில் வார்த்திருக்கும் இரண்டு குறிகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே போயிருந்தால் பெல்ட் நீண்டிருக்கிறது அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. இந்தப் பெல்ட்டுகளின் ரப்பரும் வேறு. முந்தைய வகை ரப்பர் வெடித்துக் காட்டிவிடும். இப்போதைய ஈ.பி.டி.எம். ரப்பர் வெடிக்காமலே டயர் மாதிரி தேயும். மேலோட்டமாகப் பார்த்தால் புதிது போலவே இருக்கும், பள்ளங்கள் மட்டும் அகன்று ஆழமாகியிருக்கும். அதை அளக்கச் சின்னதாய் ஒரு பிளாஸ்டிக் அளவி பல பெல்ட் நிறுவனங்களிடம் கிடைக்கிறது. இன்ஜினுக்குள் மூடியிருக்கும் டைமிங் பெல்ட் இந்தக் கட்டுரையின் விஷயமே அல்ல. அதை விரலால் அழுத்திப் பார்த்து யாரும் சரிசெய்ய முயலக் கூடாது.

பழைய வகை வி பெல்ட் புதிதாகப் போட்டவர்களுக்கு ஒரே ஒரு வேலை மிச்சமிருக்கிறது. புதுப் பெல்ட் முதல் சில நிமிட ஓட்டத்திலேயே பள்ளத்துக்குள் அமர்ந்து, நூல் சற்று நீண்டு, இறுக்கத்தில் கணிசமான பங்கை இழந்துவிடும். மாட்டியதும் 10, 15 நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். அதற்கு முதலிலேயே கூட இறுக்கி வைப்பது மாற்றல்ல. சந்திரகிரியில் பெல்ட் மாற்றிக்கொண்டு நேரே அலிபிரிக்குப் போகிறவர்கள், ஏறத் தொடங்கும் முன் திருப்பதியில் ஒருமுறை நிறுத்தி போனட்டைத் திறந்துவிடுவது நல்லது.